அடைமுட்டையில் ஒரு ஜன்னல்: பார்ப் நொதியைத் தடுத்தால் ரத்தக்குழாய் வளர்ச்சி என்ன ஆகிறது என்று சோதிக்கும் முறை

முதலில் முட்டை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடையில் விற்கும் நாமக்கல் முட்டை இதற்கு ஆகாது. அது சேவல் சேராத முட்டை. இன்குபேட்டரில் இருபத்தொரு நாள் வைத்தாலும் கூமுட்டைதான். என்னிடம் முதன்முதலில் புராஜெக்ட் செய்த மாணவி இரண்டு டிரே முட்டையை மளிகைக் கடையில் வாங்கி வந்து, நான்காம் நாள் டார்ச் அடித்துப் பார்த்து, ஒன்றில்கூட ரத்தம் தெரியவில்லை என்று அழுதாள். எங்கே வாங்கினாய் என்று நான் முன்பே கேட்டிருக்க வேண்டும். அதனால்தான் இந்தக் குறிப்பை முட்டையிலிருந்து தொடங்குகிறேன்.

சேலம் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பம் கற்பிக்கிறேன். எலி வைத்துச் சோதிக்கும் வசதி எங்களிடம் இல்லை. அடைமுட்டையும் இன்குபேட்டரும் நல்ல ஒரு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பும் இருந்தால், புற்றுநோய் மருந்து ஒன்று ரத்தக்குழாயை என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அந்தக் கேள்வி எனக்கு வெறும் பாடக் கேள்வி இல்லை. என் சித்திக்குச் சினைப்பையில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெவசிசுமாப் ஊசி, தினம் காலையும் மாலையும் ஓலாபாரிப் மாத்திரை. ஒருநாள் கேட்டார்: "ஏங்கண்ணு, ஊசி கட்டிக்குப் போற ரத்தக்குழாயத் தடுக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. இந்த மாத்திரையும் அதத்தான் பண்ணுதா?" பளிச்சென்று பதில் சொல்ல எனக்கு வரவில்லை. மருந்தின் வேலையைச் சொல்லத் தெரியும். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் இல்லை.

மருந்தின் வேலை இதுதான். டிஎன்ஏவின் ஓர் இழை அறுந்தால் முதலில் ஓடி வந்து ஒட்டிக்கொள்ளும் நொதி பார்ப்-1. என்ஏடி மூலக்கூறுகளை உடைத்து, அந்தத் துண்டுகளைக் கோத்து நீளமாக ஒரு சங்கிலி பின்னும். அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் பழுது பார்க்கும் மற்ற புரதங்கள் வந்து சேர்கின்றன. ஓலாபாரிப், என்ஏடி உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துவிடும். சங்கிலி நின்றுவிடும்; அதோடு நொதியே டிஎன்ஏவில் சிக்கிக்கொள்ளும். டிஎன்ஏ பழுதைச் சரிசெய்ய உதவும் பிஆர்சிஏ மரபணு கெட்டுப்போன செல்லுக்கு அந்தச் சிக்கலை அவிழ்க்க வேறு வழி இல்லை, செத்துப்போகும். 2005-இல் நேச்சர் இதழின் ஒரே இதழில் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின. 2014 டிசம்பரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓலாபாரிப் அனுமதி பெற்றது.

ஆனால் பார்ப்-1 பழுது பார்க்க மட்டும் இல்லை. எந்த மரபணு எப்போது வேலை செய்வது என்பதிலும் அதற்குக் கை உண்டு. ஆக்சிஜன் குறைந்தால் செல்லுக்குள் எழும் ஹிஃப்-1 என்ற புரதம், 'எனக்கு ரத்தக்குழாய் அனுப்பு' என்று கேட்கும் விஇஜிஎஃப்-ஐச் சுரக்கவைக்கும். அந்த ஹிஃப்-1-க்கு பார்ப்-1 துணை நிற்கிறது. 2006, 2007 வாக்கில் வந்த ஆய்வுகள், பார்ப் நொதியைத் தடுத்தாலோ எலியில் அந்த மரபணுவையே நீக்கினாலோ புதுக் குழாய் முளைப்பது குறைகிறது என்று சொல்லின. இன்னொரு பக்கம், சில பார்ப் தடுப்பான்கள் ரத்தக்குழாயைத் தளர்த்தி விரித்து, கட்டிக்குள் ரத்த ஓட்டத்தைக் கூட்டவும் செய்கின்றன. குறைக்கிறது, கூட்டுகிறது என்று இரண்டுமே உண்மையாக இருக்கலாம். அதனால்தான் இந்தச் சோதனையைச் செய்வதை விட அதைச் சரியாக வாசிப்பது கஷ்டம். கீழே நான் அதிக இடம் கொடுத்திருப்பது அதற்குத்தான்.

முட்டையைக் குஞ்சு பொரிப்பகத்தில் வாங்குங்கள். 'அடை வைக்கும் முட்டை' என்று கேட்டால் தருவார்கள். கோடையில் மதிய பஸ்ஸில் கொண்டு வராதீர்கள். அந்தச் சூட்டில் கரு பாதி விழித்துக்கொண்டு, பிறகு ஏசி அறையில் மறுபடி அடங்கும். முட்டைக்கு முட்டை வயது மாறிவிடும். விடியற்காலையில் கிளம்பி, டிரேயைத் துணி போர்த்தி மடியில் வைத்து வருவோம். உடனே அடை வைக்க முடியாவிட்டால் 15 முதல் 18 டிகிரியில் ஒரு வாரம் வரை தாங்கும். சாதாரண ஃபிரிட்ஜ் வேண்டாம், அது மிகக் குளிர்.

இன்குபேட்டர் 37.5 டிகிரி, ஈரப்பதம் 55-60 சதவீதம். உள்ளே தண்ணீர்த் தட்டு வற்றாமல் இருக்க வேண்டும். அடை வைத்த நாள் பூஜ்ஜியம். இதை நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள். பாதிப் பேர் அந்த நாளை ஒன்று என்று எண்ணி, மற்றவர்களோடு ஒப்பிடும்போது ஒருநாள் பிசகிப்போகிறார்கள். ஒருநாள் என்பது இங்கே பெரிய விஷயம். ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை குழாய்கள் கிளைவிட்டு முளைக்கும். அதற்குப் பிறகு பன்னிரண்டாம் நாள் வரை, இருக்கும் குழாயே நடுவில் பிளந்து இரண்டாகும் விதத்தில்தான் வலை பெருகும். எந்த நாளில் மருந்து வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் தடுப்பது வேறு வேறு வேலை.

மூன்றாம் நாள் ஜன்னல் வெட்ட வேண்டும். முட்டையைப் படுக்கை வசமாகவே வைத்திருங்கள். எழுபது சதவீத ஆல்கஹாலில் ஓட்டைத் துடைத்து, கூர்முனையில் சிறு துளை போட்டு, 21 கேஜ் ஊசியைக் கீழ்நோக்கிச் சாய்த்து இரண்டு மூன்று மில்லி வெள்ளைக் கருவை மெல்ல உறிஞ்சுங்கள். சிரிஞ்சில் மஞ்சள் ஏறினால் அந்த முட்டை போய்விட்டது, தள்ளி வையுங்கள். வெள்ளைக் கரு இறங்கியதும் கரு ஓட்டிலிருந்து விலகித் தாழும். துளையைச் செலோ டேப்பால் மூடிவிட்டு, மேல்பக்கம் டேப் ஒட்டி, அந்த டேப்பின் மேலேயே வளைந்த கத்தரியால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஜன்னல் வெட்டுங்கள். டேப் இருப்பதால் ஓட்டுப் பொடி உள்ளே விழாது. அந்தப் பொடிதான் இந்தச் சோதனையின் பெரிய எதிரி. கருவைச் சூழ்ந்து ரத்தக்குழாய்கள் படரும் சவ்வின்மேல் ஒரு துணுக்கு விழுந்தாலும் அது அழற்சி கிளப்பி, மூன்று நாளில் அதைச் சுற்றிச் சக்கர ஆரம் போலக் குழாய்கள் வந்து நிற்கும். மருந்தின் வேலையா பொடியின் வேலையா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

ஜன்னல் வழியே முதல்முறை உள்ளே பார்ப்பது மறக்க முடியாத காட்சி. மஞ்சள் கருவின் மேல் ரத்த நிறத்தில் சிலந்தி ஒன்று கால் விரித்ததுபோல் குழாய்கள். நடுவில் கடுகு அளவு இதயம், துடித்துக்கொண்டிருக்கும். எல்லா மாணவர்களையும் வரிசையில் நிறுத்திக் காட்டிவிட்டுத்தான் மூடுவேன். இது உயிர் என்று தெரிந்து செய்ய வேண்டிய வேலை. நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நாங்கள் பத்தாம் நாளிலோ பன்னிரண்டிலோ முடித்துவிடுகிறோம், பதினான்கைத் தொடுவதில்லை. முடிக்கும் விதமும் குழு ஒப்புக்கொண்டதாகவே இருக்கட்டும்.

இப்போது மருந்து. ஓலாபாரிப்பின் மூலக்கூறு எடை 434.5. பத்து மில்லிமோலார் ஸ்டாக்குக்கு (மூலக் கரைசலுக்கு) 4.35 மில்லிகிராமை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் ஒரு மில்லி எடுத்துக் கரையுங்கள். டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஃபிரீசரிலிருந்து எடுத்த குழாயின் மேல்பாகம் மட்டும் உருகியிருக்கும்போது பிப்பெட் போட்டால் அளவு தப்பும். முழுக்க உருகவிட்டு, கலக்கி, பிறகு எடுங்கள்.

அந்த ஸ்டாக்கிலிருந்து டிஎம்எஸ்ஓவிலேயே ஒரு மில்லிமோலார், 0.1 மில்லிமோலார் என்று இரண்டு குழாய் தயார் செய்யுங்கள். பிறகு மூன்றையும் ஆயிரத்தில் ஒரு பங்காக உப்பு நீரில் கலந்தால் 10, 1, 0.1 மைக்ரோமோலார் கிடைக்கும். எல்லாவற்றிலும் டிஎம்எஸ்ஓ சரியாக 0.1 சதவீதம். மருந்து இல்லாத கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே 0.1 சதவீதம் டிஎம்எஸ்ஓ. ஒரே ஸ்டாக்கிலிருந்து நேராக மூன்று அளவும் எடுத்தால், மருந்து கூடக்கூட டிஎம்எஸ்ஓவும் கூடும், எதனால் குழாய் குறைந்தது என்பது தெரியாமல் போகும். ஓலாபாரிப் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கலந்ததும் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்துப் பாருங்கள். ஊசி ஊசியாகப் படிகம் தெரிந்தால் அதைச் சவ்வின்மேல் வைக்காதீர்கள், ஓட்டுப் பொடி செய்வதையே அதுவும் செய்யும்.

எந்த அளவு கொடுப்பது? இந்தக் குறிப்பில் நான் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம் இதில்தான் இருக்கிறது. சோதனைக் குழாயில் பார்ப்-1 நொதியைப் பாதியாக அடக்க ஓலாபாரிப் ஐந்து நானோமோலார் போதும். செல்லுக்குள் என்றாலும் நூறு நானோமோலார் பக்கத்தில் சங்கிலி பின்னுவது அநேகமாக நின்றுவிடும். 300 மில்லிகிராம் அளவுக்கு மாத்திரை போட்டவரின் ரத்தத்தில் உச்சகட்டமாக இருப்பது பத்து மைக்ரோமோலார் என்ற வரிசையில். அதிலும் பெரும்பகுதி ரத்தப் புரதங்களில் ஒட்டிக் கிடக்கும். அப்படியிருக்க, ஐம்பது, நூறு மைக்ரோமோலார் ஊற்றி, குழாய் அழிந்துவிட்டது, ஆகவே பார்ப் தடுப்பான் ரத்தக்குழாயைத் தடுக்கிறது என்று எழுதினால் அது நியாயம் இல்லை. நொதி எப்போதோ நின்றாயிற்று. அதற்கு மேல் நடந்தது வேறு ஏதோ. ஒரு மைக்ரோமோலாரிலேயே மாற்றம் தெரிந்தால் அது பேச்சு. பத்துக்கு மேலேதான் தெரிகிறது என்றால், விஷத்தன்மையா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

நொதி நிஜமாகவே நின்றதா என்பதையும் காட்ட வேண்டும். மருந்து வைத்த இடத்துச் சவ்வில் ஒரு துண்டை வெட்டி, உடனே திரவ நைட்ரஜனில் போட்டு, பார்ப்-1 பின்னும் அந்தச் சங்கிலியைப் பிடிக்கும் ஆன்டிபாடியால் டாட் பிளாட் (சாற்றைத் தாளில் பொட்டாக வைத்துப் பார்க்கும் சோதனை) செய்யுங்கள். 'உடனே' என்பதை அழுத்திச் சொல்கிறேன்: அந்தச் சங்கிலியைக் கடித்துத் தின்னும் இன்னொரு நொதி அங்கேயே இருக்கிறது, சில நிமிடத்தில் சங்கிலி மறைந்துபோகும். தாமதித்தால் மருந்து வைக்காத முட்டையிலும் சங்கிலி இருக்காது, மருந்து பிரமாதமாக வேலை செய்ததுபோல ஒரு பொய்த் தோற்றம் வரும்.

ஏழாம் நாள், சிலிக்கான் டியூபை வளையமாக நறுக்கி ஆட்டோகிளேவ் செய்ததைச் சவ்வின்மேல் வைத்து, வளையத்துக்குள் இருபது மைக்ரோலிட்டர் விடுங்கள். ஃபில்டர் பேப்பர் வட்டும் போடுவார்கள். பேப்பரே எரிச்சல் தருவதால் எனக்கு வளையம்தான் பிடிக்கும். பெரிய குழாய்மேல் வைக்காமல், சின்னக் கிளைகள் நிறைந்த இடமாகப் பார்த்து வையுங்கள். ஜன்னலை டேப்பால் மூடி மூன்று நாள் விடுங்கள். இந்த மூன்று நாளில் கரண்ட் போனால் யூபிஎஸ் எத்தனை நேரம் தாங்கும் என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மே மாத இரவில் நாற்பது முட்டை எங்களுக்குப் போனது.

குறைந்தது நான்கு குழுக்கள் வேண்டும்: டிஎம்எஸ்ஓ மட்டும், ஓலாபாரிப் மட்டும், விஇஜிஎஃப் மட்டும், இரண்டும் சேர்த்து. ரத்தக்குழாயைத் தடுக்கும் என்று உறுதியாகத் தெரிந்த சுனிடினிப் போல ஒன்றை ஐந்தாவதாக வைத்தால் உங்கள் கையும் சரியாக இருக்கிறது என்று தெரியும். குழுவுக்குப் பதினைந்து முட்டை வையுங்கள், பத்து மிஞ்சினால் நல்லது. விட்டுப்போன ஒரு குழு என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் உண்டு. 2019-இல் வெளியான பாவ்லா-1 ஆய்வில் 806 பெண்கள். பெவசிசுமாப்புடன் ஓலாபாரிப் சேர்த்தவர்களுக்கு நோய் மறுபடி முன்னேறாமல் இருந்த இடைநிலைக் காலம் 22.1 மாதம், பெவசிசுமாப்பும் வெறும் மாத்திரையும் பெற்றவர்களுக்கு 16.6. டிஎன்ஏ பழுது பார்க்கும் திறன் குறைந்த கட்டி உள்ளவர்களிடம் 37.2-க்கு 17.7. என் சித்திக்கு அந்த மருந்து கிடைப்பதே அந்த ஆய்வால்தான், அதற்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் ஓலாபாரிப் மட்டும் பெற்ற குழு அதில் இல்லை. அதனால் இரண்டு மருந்தும் ஒன்றுக்கொன்று கைகொடுத்தனவா, ஓலாபாரிப் தனியாகவே அவ்வளவும் செய்திருக்குமா என்பதை அந்த எண்களிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை.

பத்தாம் நாள் படம். சவ்வுக்கு அடியில் ஸ்டெரைல் செய்த பால் கிரீமைக் கொஞ்சம் ஊசியால் செலுத்தினால் வெள்ளைப் பின்னணி கிடைக்கும், நூல் போன்ற குழாயும் எடுத்துக் காட்டும். ஒரே வெளிச்சம், ஒரே உயரம், ஓரத்தில் அளவுகோல். கம்ப்யூட்டரில் இமேஜ்ஜே மென்பொருளில் படத்தின் மூன்று நிறங்களையும் பிரித்து, பச்சையை மட்டும் எடுங்கள். ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சுவதால் அதில் குழாய்கள் கருப்பாகத் துலங்கும். கோப்பின் பெயரை இன்னொருவர் மாற்றித் தரட்டும். எது மருந்து வைத்த முட்டை என்று தெரிந்து எண்ணினால் கண் தானாகக் குறைத்து எண்ணும். எவ்வளவு நேர்மையானவரானாலும் எண்ணும்.

மூன்றை அளக்க வேண்டும்: கிளைப்புள்ளிகள் எத்தனை, மொத்த நீளம் எவ்வளவு, குழாயின் விட்டம் எவ்வளவு. 'சிவந்த பரப்பு எத்தனை சதவீதம்' என்று ஒரே எண்ணோடு நிறுத்திக்கொள்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். தடுப்பான் குழாயைத் தளர்த்தி விரிக்கவும் கூடும் என்று முன்பே சொன்னேன். பத்து மெல்லிய குழாய் ஆறாகக் குறைந்து, அந்த ஆறும் பருத்தால், சிவந்த பரப்பு மாறாமல் அப்படியே நிற்கும். மருந்தால் ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிவிடுவீர்கள். உண்மையில் இரண்டு காரியம் நடந்திருக்கும்.

அதற்குப் பிறகு கருவை எடை போடுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. வேகமாகப் பிரியும் செல்களுக்கு டிஎன்ஏ பழுது பார்ப்பது மிக அவசியம். மருந்து கசிந்து கருவையே பாதித்து அது சிறுத்துப்போனால், சிறிய கருவுக்குச் சிறிய குழாய் வலைதான் இருக்கும். வளையத்துக்கு உள்ளே குறைந்து வெளியே வழக்கம்போல் இருந்து, கருவின் எடையும் மாறாமல் இருந்தால்தான் தடுப்பு அந்த இடத்தில் நடந்தது என்று பேசலாம். நொதியை நிறுத்துவதா, டிஎன்ஏவில் சிக்கவைப்பதா, எது குழாயைக் குறைத்தது என்று பிரிக்க ஆசைப்பட்டால், வெலிபாரிப் என்ற இன்னொரு பார்ப் தடுப்பானையும் ஒரு குழுவாகச் சேருங்கள். நொதியை நன்றாக நிறுத்தும், சிக்கவைப்பதில் பலவீனம். தாலசோபாரிப் சிக்கவைப்பதில் மிக வலுவானது.

இதுவரை சொன்னது சாதாரணக் குழாய். கட்டிக்குப் போகும் குழாய் வேண்டுமென்றால், மனிதப் புற்றுச் செல்களை, செல்களைத் தாங்கும் மேட்ரிஜெல் என்ற கூழில் கலந்து, ஏழு அல்லது எட்டாம் நாள் வளையத்துக்குள் வையுங்கள். அந்த வயதுக் கருவுக்கு நோய் எதிர்ப்பு இன்னும் முதிரவில்லை, அந்நியச் செல்லை ஏற்றுக்கொள்ளும். மேட்ரிஜெல் குளிரில் திரவம், அறைச் சூட்டில் கெட்டியாகிவிடும். பிப்பெட் முனையையும் ஐஸில் வைத்திருங்கள். சில நாளில் வெள்ளைப் பொட்டு ஒன்று எழும், நாலு பக்கமிருந்தும் குழாய்கள் அதை நோக்கி வளைந்து வரும்.

இங்கே ஒரே செல் வகையோடு நிற்காதீர்கள். பிஆர்சிஏ கெட்ட செல்லுக்கு ஓலாபாரிப் கொடுத்தால் செல்லே சாகும், விஇஜிஎஃப் சுரக்க ஆள் இல்லை, குழாயும் வராது. அது கட்டி செத்ததன் விளைவு. யுடபிள்யூபி1.289 என்று சினைப்பைப் புற்றுச் செல் ஒன்று உண்டு, அதில் பிஆர்சிஏ1 இல்லை. அதே செல்லில் பிஆர்சிஏ1-ஐத் திரும்ப வைத்த ஜோடியும் கிடைக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்து, இரண்டாவதிலும் குழாய் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் மருந்து செல்லைக் கொல்லாமலே குழாயைத் தொடுகிறது. முதலாவதில் மட்டும் குறைந்தால், குழாயைத் தொட்டதற்குச் சான்று இல்லை.

எதிர்த் திசையிலும் ஒரு வாசல் இருக்கிறது, அடுத்த மாணவருக்கு அதைத்தான் கொடுக்கப்போகிறேன். ஆக்சிஜன் குறைந்த செல்லில் பிஆர்சிஏ1, ராட்51 என்ற பழுது பார்க்கும் புரதங்கள் குறைந்துபோகின்றன என்று 2004, 2005 வாக்கிலேயே காட்டியிருக்கிறார்கள். குழாயை முதலில் அடைத்தால் கட்டி மூச்சு முட்டும். மூச்சு முட்டினால் பழுது பார்க்கும் திறன் தளரும். அப்போது பார்ப் தடுப்பான் இன்னும் ஆழமாகக் கடிக்கலாம். பிஆர்சிஏ1 திரும்ப வைத்த செல்லில் சுனிடினிப்பை எட்டாம் நாளிலும் ஓலாபாரிப்பை ஒன்பதாம் நாளிலும் வைத்து, டிஎன்ஏ அறுந்ததற்கு அடையாளமான காமா-எச்2ஏஎக்ஸ் எவ்வளவு கூடுகிறது என்று எண்ண வேண்டும்.

சித்திக்கு நான் கடைசியில் சொன்னது இது: "ஊசி குழாயத் தடுக்குது சித்தி. மாத்திரை கட்டியோட செல்லு தன்னைத் தானே சரிபண்ணிக்க விடாம பண்ணுது. அது குழாயையும் கொஞ்சம் தொடுதான்னு நாங்க முட்டையில பாத்துட்டு இருக்கோம்." அவர் மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எத்தனை முட்டை என்று கேட்டார். எழுபத்தைந்து என்றேன்.